சட்டை உரித்த கிருமி

கையில் ஒரு கொப்புளம் வருகிறது. இரண்டு மூன்று நாளில் அது உடைந்து, நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு பொருக்கு கட்டுகிறது. சுற்றிலும் நல்ல வீக்கம், ஆனால் வலி இல்லை. வலிக்காத புண்ணுக்கு யார் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிப் பார்த்துவிட்டு, வீக்கம் முழங்கைக்கு ஏறிய பிறகே வருவார்கள். விவரம் தெரிந்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அந்தப் புண்ணைப் பற்றியதாக இருக்காது. "வீட்டுல ஆடு மாடு ஏதாவது செத்துதாங்கய்யா? நீங்க கை வச்சி அறுத்தீங்களா?"

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு இந்தப் புண் புதிதல்ல. தென்னிந்தியாவில் தோலைத் தாக்கும் அடைப்பான் நோயைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரி நகரத்துக்குள் ஆட்டு மந்தைகள் குறைவுதான். ஆனால் ஜிப்மர் வாசலில் நிற்கும் பேருந்துகள் விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதையும் கொண்டுவந்து இறக்குகின்றன. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களும் தமிழ்நாட்டு ஊராட்சிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிற பூமி இது. காலையில் யூனியன் பிரதேசத்தில் மேய்ந்த மந்தை மதியம் தமிழ்நாட்டு ஏரியில் தண்ணீர் குடிக்கும்.

அடைப்பான் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது அரிதிலும் அரிது. நோய்ப்பட்ட விலங்கைத் தொட்டதாலும், அறுத்ததாலும், அதன் கறியைத் தின்றதாலும், தோலையும் மயிரையும் கையாண்டதாலும்தான் மனிதருக்கு வருகிறது. தோலோடு நின்றால் பென்சிலினுக்குக் கட்டுப்படும். குடலுக்குப் போனால் கஷ்டம். மூளை உறையை எட்டிவிட்டால் பிழைப்பவர் மிகச் சிலரே. ஆக, ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு கறுப்புப் பொருக்கும் எங்கோ ஓர் ஆடோ மாடோ செத்ததற்கான தகவல். மனிதருக்கு வராமல் தடுக்க வேண்டுமானால் ஊசியை ஆட்டுக்குப் போட வேண்டும். அந்த ஊசி உருவான கதை ஆட்டைவிட மண்ணோடுதான் அதிகம் தொடர்புடையது.

முதலில் ஆடு எப்படிச் சாகிறது என்று பார்க்கலாம். முதல் நாள் மாலை வயிறு நிறைய மேய்ந்து பட்டிக்குத் திரும்பிய ஆடு, விடிந்து பார்த்தால் விறைக்காமல் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் தார் நிறத்தில் இரத்தம் கசிந்து உறையாமல் நிற்கும். காய்ச்சல், இரை எடுக்காமை, தள்ளாட்டம் என்று எச்சரிக்கை தர மாட்டிலாவது கொஞ்சம் நேரம் உண்டு; செம்மறியிலும் வெள்ளாட்டிலும் பல நேரம் அதுவும் இல்லை. "பாம்பு தீண்டியிருக்கும்" என்பார் மந்தை மேய்க்கும் கீதாரி. துள்ளுமாரியாகவும் இருக்கலாம், அதுவும் இப்படித்தான் திடீரென்று அடிக்கும். எது என்று உறுதி செய்யக் கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்துப் பார்க்க மாட்டார். காது இரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பார். முனை வெட்டினாற்போல் சதுரமாக இருக்கும் நீலக் கோல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கோலைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு போர்வை தெரிந்தால் சந்தேகமே இல்லை, அது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். 1903இல் ஜான் மக்ஃபேடியன் என்ற பிரிட்டிஷ் கால்நடை அறிஞர் விவரித்த இந்தச் சோதனை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அந்த இளஞ்சிவப்புப் போர்வையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்; அது பின்னால் வேலைக்கு வரும்.

வயிற்றைக் கிழிக்காததற்குக் காரணம் உண்டு. ஆட்டின் உடம்புக்குள் இருக்கும்வரை இந்தக் கிருமி மென்மையானதுதான். செத்த உடல் மூடியபடி கிடந்தால், அழுகலில் பெருகும் மற்ற பாக்டீரியாக்கள் சில நாளில் இதை ஒழித்துவிடும். கத்தி பட்டு உடல் திறந்து, காற்று புகுந்து, இரத்தம் மண்ணில் சிந்தினால் கதை மாறிவிடுகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் ஒவ்வொரு கோலும் தன்னுள்ளே கெட்டியான உறையிட்ட ஒரு வித்தை உருவாக்கிக்கொண்டு அடங்கிவிடும். வெயில், வறட்சி, உறைபனி, சாதாரணக் கிருமிநாசினி எதுவும் அதை எளிதில் அசைக்காது. எத்தனை காலம் அப்படிக் கிடக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் குருய்னார்டு தீவே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் அரசு அங்கே செம்மறிகளைக் கட்டி வைத்து அடைப்பான் குண்டு வெடித்துப் பார்த்தது. ஆடுகள் செத்தன, போர் முடிந்தது, தீவில் யாரும் காலெடுத்து வைக்க முடியவில்லை. 1986இல் சுமார் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து மண்ணை நனைத்து, பிறகு அங்கே ஒரு மந்தையை மேயவிட்டுப் பார்த்து, 1990இல்தான் அபாயம் நீங்கியதாக அறிவித்தார்கள்.

ராபர்ட் கோக் இந்த வித்துகளைக் கண்டு விளக்கியது 1876இல். அடுத்த சில ஆண்டுகளில் வேலை பிரான்சுக்கு மாறியது. புதுச்சேரியும் அப்போது அதே கொடியின் கீழ் இருந்தது என்பதால், அங்கே நடந்ததை அடுத்த வீட்டுச் செய்தியாகப் படிக்கலாம்.

பாரிசுக்குத் தென்மேற்கே ஷார்த்ர் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் செம்மறி மந்தைகள் அடைப்பானால் ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருந்தன. சில வயல்களுக்குச் சாபம் பிடித்திருப்பதாகவே குடியானவர்கள் நம்பினார்கள். அங்கே மேய்ந்தால் ஆடு சாகும், ஆண்டுகள் கழிந்தாலும் சாகும். அங்கே போன லூயி பாஸ்டர், அறுவடையான ஒரு வயலில் ஓரிடத்து மண் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைக் கவனித்தார். போன வருஷம் செத்த ஆடுகளை அங்கேதான் புதைத்தோம் என்றார் வயலுக்குரியவர். குனிந்து பார்த்தால் மேலெல்லாம் மண்புழு கக்கிய சின்னச் சின்ன மண் உருண்டைகள். அந்த உருண்டைகளைச் சேகரித்துக் கொண்டுபோய், கரைத்துக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டார்கள். அடைப்பான் வந்து அவை செத்தன. ஆழத்தில் புதைந்த வித்தைப் புழு மேலே கொண்டுவந்து புல்லின் அடியில் வைக்கிறது என்றார் பாஸ்டர். சாபத்தின் விலாசம் கண்டுபிடிக்கப்பட்டது. மழை வெள்ளம், உழவு, நாய் கிளறுவது என்று மண்புழுவைவிடப் பெரிய காரணங்கள் பல உண்டென்று இன்று சொல்கிறார்கள். இருந்தாலும் ஒரு பெரிய வேதியியலாளர் வயலில் மண்டியிட்டு மண்புழு எச்சம் பொறுக்கிய காட்சிக்காகவே இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடிக்கும்.

செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும் பிராணி. வெள்ளாடு தலையைத் தூக்கித் தழையைத் தேடும். கோடையில் தழையும் இல்லாமல் போனால் இரண்டும் மண்ணோடு வேரைப் பிடுங்கித் தின்னும். காய்ந்த முள்ளும் தட்டையும் வாய்க்குள் கீறிய இடத்தில் வித்து நுழைந்தால் போதும். நெடுங்கோடைக்குப் பிறகு பெய்யும் மழையில் இந்த நோய் தலைகாட்டுவது அதனால்தான். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் வித்து நெடுநாள் உயிரோடு இருக்கிறது. இதில் ஒரு விபரீதம் உண்டு. செத்த விலங்கைச் சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பது நம் ஊரில் கேள்வி கேட்காமல் செய்யப்படும் வழக்கம். அடைப்பானில் அது வேண்டாம், கால்சியம் வித்தின் ஆயுளுக்கு உதவக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரிக்கிறது. முடிந்தால் முழுசாக எரித்துவிடுவதுதான் நல்லது.

இனி ஊசிக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு கோழி குறுக்கே வருகிறது. கோழிக்கு அடைப்பான் வராது. ஏன் வராது என்று பாஸ்டர் யோசித்தார். கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி; கிருமிக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லையோ? 1878இல் கோழிக்குக் கிருமியை ஏற்றி, அதன் கீழ்ப்பாதியைக் குளிர்ந்த நீரில் நிற்கவைத்தார். உடல் சூடு இறங்கிய கோழி அடைப்பானில் செத்தது. இன்னொரு கோழியை அதேபோல் நனைத்து, நோய் ஏறிய நேரத்தில் எடுத்துத் துடைத்துக் கதகதப்பாக வைத்தார். அது தேறி நடந்தது. கோழிகளைத் தூக்கிக்கொண்டுபோய் மருத்துவக் கழகத்தின் கூட்டத்திலேயே காட்டினார்.

அந்த 42 டிகிரிதான் தடுப்பூசிக்கு வழி திறந்தது. 42 முதல் 43 டிகிரி வரையான சூட்டில் கோழிச் சாற்றில் வளர்த்தால் அடைப்பான் கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் வித்து கட்டாது. நாள் செல்லச் செல்ல அதன் கொல்லும் திறனும் குறையும். எட்டு நாள் கழித்து எடுத்தால் வலுவிழந்த கிருமி. இன்னும் நாள் கழித்து எடுத்தால் அதைவிடச் சாது. முதலில் மிகச் சாதுவானதை ஊசியாகப் போட்டு, பன்னிரண்டு நாள் கழித்துச் சற்று முரடானதைப் போட்டால், அதன்பின் அசல் கிருமியே வந்தாலும் ஆடு தாங்கும் என்று 1881 தொடக்கத்தில் பாஸ்டர் அறிவித்தார்.

அறிவித்தவுடன் மாட்டிக்கொண்டார். மெலன் நகரத்துக் கால்நடை மருத்துவர் ரொசிஞோல், கிருமிக் கொள்கையை எழுத்தில் கேலி செய்து வந்தவர், பொது இடத்தில் செய்து காட்டச் சொல்லி ஆடுகளுக்கும் ஏற்பாடு செய்தார். பாஸ்டர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். உடனிருந்த உதவியாளர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். 1881 மே 5 அன்று பூயி-லெ-ஃபோர் பண்ணையில் 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் 6 மாடுகளுக்கும் முதல் ஊசி. மே 17இல் இரண்டாவது. மே 31 அன்று அவற்றுக்கும், ஊசி போடாத 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கும் கொல்லும் கிருமி ஏற்றப்பட்டது. ஜூன் 2 பிற்பகல் கூட்டம் கூடியபோது, ஊசி போடாத ஆடுகளில் பெரும்பாலானவை வரிசையாகச் செத்துக் கிடந்தன. இரண்டு செம்மறிகள் பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே விழுந்தன. கடைசி ஆடு அன்று மாலைக்குள் செத்தது. ஊசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் சினையாக இருந்த ஒன்று மட்டும் பிறகு செத்தது. லண்டன் டைம்ஸின் பாரிஸ் செய்தியாளர் நேரில் வந்து பார்த்து எழுதினார், உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

இதில் ஒளிவுமறைவும் இருந்தது. அன்று போட்ட ஊசி, ஊருக்கெல்லாம் சொன்ன சூட்டு முறையில் செய்தது அல்ல. உதவியாளர் ஷார்ல் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. துலூஸ் நகரத்துக் கால்நடைப் பேராசிரியர் ஆன்ரி துசேன், வேதிப்பொருளால் கிருமியை வலுவிழக்கச் செய்து ஆட்டைக் காக்கலாம் என்று 1880இலேயே காட்டியிருந்தார். பாஸ்டர் அந்த வழியைக் குறைத்துப் பேசிக்கொண்டே அதற்கு நெருக்கமான ஒன்றைப் பயன்படுத்தினார், வெளியே சொல்லவில்லை. ஆய்வகக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்டாதீர்கள் என்பது குடும்பத்துக்கு அவர் சொல்லிவிட்டுப் போனது. அவை 1964இல் பேரன் வழியாகப் பிரான்சின் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் 1995இல் வெளியிட்ட நூல் இதை விலாவாரியாக அம்பலப்படுத்தியது. துசேன் 43 வயதிலேயே இறந்துபோனார். ஊசி பலித்தது உண்மை. பாராட்டைப் பங்கிட்ட விதம் நியாயமில்லை என்பதும் உண்மை.

1894 வரையான கணக்கில் பிரான்சில் ஏறத்தாழ 34 லட்சம் செம்மறிகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். அதற்குமுன் நூற்றுக்குப் பத்து என்றிருந்த அடைப்பான் சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் குறை இருந்தது. ஒரு தொகுதி ஊசி ஆட்டைக் காக்கும், இன்னொரு தொகுதி ஆட்டையே கொல்லும், மற்றொன்று எதுவும் செய்யாது. ஏன் இப்படி என்று பாஸ்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அன்று வழியும் இல்லை. விடை கிடைக்க நூறு ஆண்டு ஆனது.

அடைப்பான் கிருமியின் கொல்லும் திறன் அதன் முதன்மை மரபுத் தொகுப்பில் இல்லை. தனியாக மிதக்கும் இரண்டு சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கிறது. பிளாஸ்மிடு என்று பெயர். ஒரு வளையம் நஞ்சைச் செய்யும் கட்டளையை வைத்திருக்கிறது. மற்றொன்று கிருமிக்கு மேலே போடும் சட்டையைச் செய்யும் கட்டளையை. நுண்ணோக்கியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த போர்வை இந்தச் சட்டைதான். குளுட்டாமிக் அமிலம் என்ற ஒரே சரக்கைக் கோத்துக் கோத்துச் செய்தது. அதிலும் உயிர்களின் புரதங்களில் வழக்கமாக இருக்கும் வடிவத்துக்குக் கண்ணாடி எதிருருவான வடிவம். ஆட்டின் வெள்ளை அணுக்கள் அந்நியக் கிருமியை விழுங்கிச் செரிப்பவை. சட்டை போட்ட அடைப்பான் கிருமியை அவற்றால் பிடிக்க முடியவில்லை. நோய் எதிர்ப்பு அமைப்பும் இந்தச் சரக்கைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

நஞ்சின் சாமர்த்தியம் இன்னும் வியப்பு. அது மூன்று தனிப் புரதங்களின் கூட்டு வேலை. எதுவும் தனியாகக் கொல்லாது. முதல் புரதம் ஆட்டின் செல்லுக்கு மேலே உள்ள ஏற்பியில் போய் ஒட்டும். செல்லின் சொந்த நொதி ஒன்றே அதன் நுனியை வெட்டிவிடும். நுனி வெட்டுப்பட்ட புரதங்கள் ஏழு சேர்ந்து ஒரு வளையமாகும். அந்த வளையத்தின்மேல் மற்ற இரு புரதங்களும் வந்து ஏறிக்கொள்ளும். ஏதோ சத்து வந்திருக்கிறது என்று செல் அந்தச் சுமையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே பையில் அமிலம் ஏறியதும் வளையம் துளைபோடும் குழலாக மாறி, சுமந்துவந்த இரண்டையும் செல்லுக்குள் செலுத்திவிடும். ஒன்று செல்லின் தகவல் தொடர்பை வெட்டுகிறது. மற்றொன்று நீர்ச் சமநிலையைக் குலைத்து வீக்கத்தை உண்டாக்குகிறது. முதல் புரதத்துக்கு மட்டும் எதிராக ஆட்டின் உடலில் எதிர்ப்பொருள் இருந்துவிட்டால் வளையம் உருவாகாது, சுமையும் ஏறாது. அதனால் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரே காக்கும் புரதம் என்ற பொருள் தருவது, நஞ்சின் ஒரு பங்காக இருந்தும்.

இதை வைத்துக்கொண்டு பாஸ்டரின் சூட்டு முறைக்குத் திரும்பினால் விஷயம் விளங்கும். 42.5 டிகிரியில் வளர்த்தால் கிருமி எதைத் தொலைக்கிறது? 1983இல் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் பாஸ்டரைப் போலவே செய்து பார்த்து விடை கண்டார்கள்: நஞ்சு வளையத்தை. நஞ்சைத் தொலைத்த கிருமி சாதுதான். ஆனால் ஆட்டுக்குக் காட்டவேண்டிய காக்கும் புரதமும் அதோடு போய்விடுகிறது. சாதுவாக மாறிய கிருமியால் பயன் இல்லை. அந்தக் குடுவையில் நஞ்சைத் தொலைக்காமல் மிச்சம் இருந்த கொஞ்சம் முரட்டுக் கிருமிதான் ஆட்டைக் காத்திருக்க வேண்டும். மிச்சம் சரியாக இருந்தால் ஆடு பிழைக்கும், கூடினால் சாகும், குறைந்தால் ஊசி வீண். நூறாண்டு வரலாற்றில் பெருவெற்றியாகப் பேசப்பட்ட ஊசி, உண்மையில் தொலைக்கவேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்திருக்க வேண்டியதைத் தொலைத்த ஒன்று.

அதைத் தலைகீழாக்கியவர் மாக்ஸ் ஸ்டெர்ன். தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வகத்தில் இருந்தவர். 1937இல், பிளாஸ்மிடு என்ற சொல்லே பிறக்காத காலத்தில், வெறும் கண் கூர்மையால் இதைச் செய்தார். குதிரைச் சீரம் கலந்த ஊட்டத்தில், கரியமில வாயு நிறைந்த காற்றில் அடைப்பான் கிருமியை வளர்த்தார். அந்தச் சூழலில் அது சட்டையை மாட்டிக்கொண்டு வழவழவென்று பளபளக்கும் திட்டுகளாக வளரும். சில நாளில் அந்த வழவழப்பின் ஓரத்தில் ஆங்காங்கே சொரசொரப்பான சின்ன முனைகள் எட்டிப் பார்த்தன. சட்டை உரித்துக்கொண்ட கிருமிகள் அவை. ஸ்டெர்ன் அவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்த்தார். அவை நஞ்சைச் செய்தன, ஆகவே ஆட்டின் உடல் காக்கும் புரதத்தைப் பார்த்துப் பழகியது. சட்டை இல்லாததால் வெள்ளை அணுக்கள் அவற்றைப் பிடித்து விழுங்கின, ஆகவே ஆடு சாகவில்லை. உரித்த சட்டையை அவை திரும்ப மாட்டிக்கொள்ளவும் முடியாது. சட்டை வளையமே அவற்றில் இல்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. 34எஃப்2 என்று எண்ணிட்ட அந்தக் கிருமி வம்சம்தான் இன்றும் உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்நடை அடைப்பான் ஊசி.

நம் பக்கத்தில் அது ராணிப்பேட்டையில் தயாராகிறது. 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கே இருக்கிறது. கால்நடைத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஐ.வி.பி.எம்.' என்பார்கள். ஆட்டம்மை, துள்ளுமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஊசிகளும் அங்கே செய்யப்படுகின்றன. தொண்டை அடைப்பானுக்கும் அடைப்பானுக்கும் ஒட்டு உறவு இல்லை; கிருமி வேறு, ஊசி வேறு. 'போன வாரம்தான் அடைப்பானுக்குப் போட்டோம்' என்று ஆட்டுக்காரர் சொன்னால் எதற்குப் போட்டார் என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஊசிக் குப்பியில் இருப்பது சட்டை உரித்த கிருமியின் வித்துகள், கிளிசரின் கலந்த நீரில். எந்த வித்து மண்ணைப் பல பத்தாண்டு பாழாக்குகிறதோ, அதே வித்து என்பதால்தான் இந்த மருந்து குளிர்பெட்டியில் நெடுநாள் கெடாமல் தாங்குகிறது. மற்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இந்தத் தெம்பு கிடையாது. ஆட்டுக்குத் தோலுக்கடியில் அரை மில்லி, மாட்டுக்கு ஒரு மில்லி. போட்ட இடம் கொஞ்சம் வீங்கும், ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். வெள்ளாட்டுக்குச் செம்மறியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். உயிருள்ள கிருமி என்பதால் முன்னும் பின்னும் சில நாள் ஆன்டிபயாடிக் போடக்கூடாது. பென்சிலின் போட்டால் ஊசிக் கிருமி செத்து, பாதுகாப்பு வராது. வேறொரு வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறபோது ஊசியும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்ற சிக்கனம் இங்கே எடுபடாது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் பிடிக்கும், ஓராண்டுபோல நிற்கும். இந்தக் கரையோரத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு முடிப்பது கணக்கு.

எல்லா ஊரிலும் எல்லா ஆட்டுக்கும் போடுவதில்லை. அடைப்பான் வந்த ஊர், அதைச் சுற்றிய ஊர்கள் என்று வளையம் போட்டு, அங்கே மட்டும் ஆண்டுதோறும் போடுவார்கள். ஏன் ஆண்டுதோறும் என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. ஆட்டுக்கொல்லி போன்ற வைரஸ் நோய்களுக்குப் போதுமான ஆடுகளுக்கு ஊசி போட்டால், தொற்ற ஆள் கிடைக்காமல் வைரஸ் அழியலாம். அடைப்பான் வித்துக்கு ஆடு இல்லாத வருஷம் ஒரு பொருட்டே இல்லை. அது மண்ணில் காத்துக் கிடக்கும். சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் 1941க்குப் பின் அடைப்பான் இல்லை என்பதால் 2007இல் கலைமான்களுக்கு ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். 2016 கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டு உறைமண் இளகியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். இங்கே உறைமண் இல்லை, ஆனால் ஏரி தூர்வாருவதும், மனைப்பிரிவுக்காக மேய்ச்சல் தரையைத் தோண்டுவதும் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களில் ஒன்றில் அடைப்பான் உறுதியானது. பெருநகரத்தின் நடுவே, மரங்களுக்கு இடையே.

ஆக, விஞ்ஞானத்தின் பக்கம் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஊசி மலிவு, ஆண்டுக்கு ஒரே தவணை, பழுத்த அனுபவம். குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது. ஓட்டை வேறிடத்தில். ஆடு செத்ததற்கும் கத்தி படுவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில். நான்கைந்து ஆடு வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு ஓர் ஆடு செத்தால் போவது சில ஆயிரம். உடனே அறுத்துக் கூறு போட்டால் கொஞ்சமாவது திரும்பும். தெருவில் நாலு வீட்டுக்குக் கறிக்கு ஆச்சு, தோலை வாங்கவும் ஆள் வரும். அரைகுறை உயிரோடு இருக்கும் ஆட்டைச் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிவிட்டால் முழு விலையே கிடைத்தாலும் கிடைக்கும். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னால் என்ன கிடைக்கும்? இரண்டு ஆள் வந்து, காதில் இரத்தம் எடுத்துவிட்டு, ஆட்டைக் குழிக்குள் போடச் சொல்வார்கள்.

2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், இத்தகைய நோய் என்று சந்தேகம் வந்தால் உரிமையாளர் தகவல் தரவேண்டும் என்கிறது. என் கணக்கு வேறு. அடைப்பான் வரலாறுள்ள ஊர்களில், திடீரென்று செத்த ஆட்டைத் திறக்காமல் தகவல் சொல்பவருக்கு, இரத்தப் பரிசோதனை முடிவு என்னவாக இருந்தாலும், அன்றைக்கே சந்தை விலையில் பாதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். துள்ளுமாரியில் செத்த ஆடுகளுக்கும் அதில் பணம் போகும், சிலர் ஏமாற்றவும் செய்வார்கள். போகட்டும். திறந்த ஓர் உடலிலிருந்து மண்ணுக்குள் போகும் வித்துக்காக அந்த இடத்தைச் சுற்றி எத்தனையோ ஆண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரித் துறையும் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுத் துறையும், ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருக்கப்போகின்றன. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பாதி ஆட்டு விலை பெரிதில்லை. இரு துறைகளும் ஒரே வாரத்தில், ஒரே வளையத்தில், கொம்யூன் எல்லையைப் பார்க்காமல் ஊசி போடுவதற்கும் ஏற்பாடு வேண்டும். மண்ணாடிப்பட்டில் மேய்கிற மந்தைக்கு எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.